மாநாட்டிலிருந்து வகுப்புக்கு எதை எடுத்துப்போவது

ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய மாநாட்டுக்குப் போனால் பை நிறைய காகிதம் சேர்ந்துவிடும். இந்த முறை நான் ஒரே கேள்வியோடு அமர்வுகளில் உட்கார்ந்தேன்: மாணவர் தப்பாக ஒரு வாக்கியம் பேசியதும் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? பாடப்புத்தகம் எதுவாக இருந்தாலும், வயது என்னவாக இருந்தாலும், தினமும் எல்லா வகுப்பிலும் நடப்பது இது ஒன்றுதான்.

ஒரு பெண் எழுந்து "ஷீ கோ டு த லைப்ரரி எஸ்டர்டே" என்கிறாள். ஆசிரியர் சிரித்த முகத்தோடு "ஓ, ஷீ வென்ட் டு த லைப்ரரி, குட்!" என்று திருத்திச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார். மனம் நோகாத திருத்தம், நேரமும் மிச்சம். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் காதில் விழுந்தது கடைசியில் வந்த "குட்" மட்டும்தான், தான் சொன்னது சரி என்றே நினைத்துக்கொண்டு உட்காருகிறாள்.

இதைப் பற்றிய அமர்வில் பேசியவர், கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளின் வகுப்புகளைப் பதிவு செய்து ராய் லிஸ்டரும் லைலா ராண்டாவும் 1997-ல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொண்டார். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் 55 சதவீதம் இப்படித் தாங்களே சரியாகச் சொல்லிவிடும் வகைதான். அதற்கு மாணவர்கள் ஏதாவது ஒரு விதத்தில் பதில் காட்டியது 31 சதவீதம், மற்ற எல்லா வகைகளையும்விடக் குறைவு. "நேற்று அவள் என்ன செய்தாள்? ஷீ..." என்று பாதியில் நிறுத்தி மாணவரையே சொல்லவைத்தபோதோ ஒவ்வொரு முறையும் பதில் வந்திருக்கிறது.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, உடனே பதில் சொல்லவில்லை என்பதற்காகக் கற்கவில்லை என்று எப்படிச் சொல்வது, மனதுக்குள் பதிந்திருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ஆய்வாளர்களும் இதைப் பற்றி நிறைய விவாதித்திருக்கிறார்கள். ஆனாலும் என் மனம் பாதியில் நிறுத்திக் கேட்கும் பக்கம்தான் சாய்கிறது, ஏனென்றால் பிள்ளையின் வாயிலிருந்து "வென்ட்" வருவதை என்னால் கேட்க முடிகிறது, மனதில் பதிந்ததா என்று எட்டிப் பார்க்க முடியாது.

அப்புறம் இன்னொரு பயிலரங்கு. மேரி பட் ரோ என்பவர் எழுபதுகளில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்துச் சொன்னது: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். பயிலரங்கை நடத்தியவர் எங்களையே மாணவர்களாக உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். முதல் விநாடியில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவதில் பேனாக்கள் அசைந்தன. அதற்குப் பிறகுதான், அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத பின்வரிசைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். வேற்று மொழியில் பேச வேண்டிய பிள்ளை கேள்வியைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, காலத்தைச் சரிசெய்து, துணிச்சலையும் திரட்ட வேண்டும், இதெல்லாம் ஒரு விநாடியில் எப்படி நடக்கும்?

செயலிகள், செயற்கை நுண்ணறிவு பற்றிய அமர்வுகளில்தான் கூட்டம் அதிகம். சில பயன்படும், அதைத் தனியாக எழுதுகிறேன்.

தேநீர் இடைவேளையில் ஓர் ஆசிரியை கேட்டது எனக்கு முக்கியமாகப் பட்டது: அறுபது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் நின்று காத்திருந்தால் பாடம் எப்போது முடியும்? எல்லாத் தப்புக்கும் நிற்க வேண்டியதில்லை என்பது என் பதில். அந்த வாரம் நடத்துவது இறந்தகாலம் என்றால் இறந்தகாலத் தப்புக்கு மட்டும் நிற்கலாம், மற்றவற்றை விட்டுவிடலாம். கேள்வியைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லிப் பார்க்கச் சொன்னால் அறுபது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், சத்தம் வரும், வரட்டும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் அவர்கள் பேசுவது ஆங்கிலம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் துறைக் கூட்டத்தில் ஒன்று கேட்கப்போகிறேன்: ஒருவர் வகுப்பில் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எத்தனை விநாடி போகிறது என்று மட்டும் குறித்துக் கொடுக்க வேண்டும். கற்பித்தல் எப்படி இருந்தது என்று மதிப்பிட வேண்டாம், அதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம். முதலில் என் வகுப்புக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன், இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள்.