மூன்றரை டிகிரி குறைகிறது

என் மாமனார் கோவை பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டிராயிங் போர்டுகளைக் கம்ப்யூட்டர் ஓரங்கட்டுவதற்கு முன்பே இம்பெல்லர் முதல் ஃபுட் வால்வு வரை அனைத்தையும் பென்சிலால் வரைந்து பழகிய கை அவருடையது. முழுப்பரீட்சை லீவில் கோபிசெட்டிபாளையத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர், பேரன் லேப்டாப்பில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் விளையாடுவதைச் சற்று நேரம் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“ஏன் கண்ணு, கிட்டத்துல இருக்கற ஊடும் அக்கட்டால இருக்கற ஊடும் ஒரே அளவுலயே இருக்குது?”

“அது அப்படித்தானுங் அப்புச்சி.”

“ஐசோமெட்ரிக்!” என்றார், வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்த ஊர்க்காரரைக் கண்டுவிட்டவர் போல. தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவது பெர்ஸ்பெக்டிவ். எவ்வளவு தள்ளியிருந்தாலும் அளவு மாறாமல், இணைகோடுகள் இணைகோடுகளாகவே நிற்பது ஐசோமெட்ரிக். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822இல் எந்திரங்களை வரைவதற்காக முறைப்படுத்தி எழுதிய இந்த வரைமுறையை 1980களின் விளையாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டதற்கு வலுவான காரணம் உண்டு: அளவு மாறாது என்பதால், ஒரு வீட்டை ஒரே ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டு திரையின் எந்த மூலையிலும் ஒட்டிவிடலாம், அக்காலத்துச் சின்னஞ்சிறு கணினிகளுக்கு அதற்கு மேல் தெம்பும் இல்லை.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஐசோமெட்ரிக் என்றால் சாய்வுக் கோடுகள் 30 டிகிரியில் நிற்க வேண்டும் என்று, அவர் பேரனின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, 30 டிகிரி செட் ஸ்கொயரை எடுத்துத் திரையில் தெரிந்த வயலின் வரப்பின் மேல் வைத்தார். பொருந்தவில்லை. புரோட்ராக்டரை வைத்தார். வரப்பு 26க்கும் 27க்கும் நடுவில் நின்றது. அதற்குள் எதிரிக் குதிரைப்படை வந்து வயலில் வேலை செய்தவர்களை வெட்டத் தொடங்கியிருந்தது. பேரன் “கைய எடுங்க அப்புச்சி” என்று கத்தினான். அவர் எடுக்கவில்லை, அளவெடுப்பு முடியவில்லை.

காரணத்தை நான் விளக்க வேண்டியதாயிற்று. திரையென்பது சிறு சிறு சதுரப் புள்ளிகளின் அடுக்கு. அதில் 30 டிகிரிக் கோடு போட்டால் படிகள் ஒழுங்கில்லாமல், ஓரிடத்தில் இரண்டு புள்ளியும் மற்றோரிடத்தில் ஒன்றுமாகப் பல்லிளிக்கும். இரண்டு புள்ளி பக்கவாட்டில் போனால் ஒரு புள்ளி மேலே ஏறு என்று வைத்துக்கொண்டால் கோடு சீராக வரும். அந்தச் சரிவின் கோணம் 26.565 டிகிரி. கறாராகச் சொன்னால் இதற்குப் பெயர் டைமெட்ரிக்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவில் சுருங்கினால் ஐசோமெட்ரிக், இரண்டு மட்டும் ஒத்துப்போனால் இது. கேமரா தரையை ஏறத்தாழ 35.26 டிகிரிச் சாய்வில் பார்த்தால் அசல் ஐசோமெட்ரிக், 30 டிகிரிச் சாய்வில் பார்த்தால் இந்தப் படம். ஆக, அவர் தேடிய 30 கேமராவிடம் இருக்கிறது என்றேன்.

“அதெல்லாஞ் சரிங்க மாப்ளே. மூணரை டிகிரி கொறையுதே, எங்க கம்பெனியா இருந்தா ஃபவுண்டரிக்காரன் காஸ்டிங்கத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்கே வந்திருப்பான்.”

அன்றிலிருந்து அவருக்கு அதுவே சோலியாகிவிட்டது. உலகத்து விளையாட்டுகள் அனைத்தையும் டிராயிங் ஆபீஸ் கணக்கில் பிரித்தார். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், பக்கவாட்டில் ஓடுவதால், எலிவேஷன். 1997இல் வந்த முதல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, உச்சியிலிருந்து காரின் கூரையைக் காட்டுவதால், பிளான். 1993இல் வந்த டூம், பெர்ஸ்பெக்டிவ். மூன்றுக்கும் மரியாதை உண்டு. பழைய போக்கிமானைக் காட்டியபோதுதான் நிலைமை மோசமாயிற்று. தரையை மேலிருந்து பார்க்கிறோம், ஆனால் வீட்டின் கூரையும் தெரிகிறது, முன்வாசல் கதவும் தெரிகிறது. “பிளானையும் எலிவேஷனையும் ஒரே ஷீட்ல கலந்தவன் கையில ஸ்கேலாலயே போடோணும்” என்றார். விளையாடுபவனுக்கு வழியும் தெரிய வேண்டும், கதவும் தெரிய வேண்டும் என்றால் வேறு என்னதான் செய்வது என்று எனக்குத் தோன்றியதை நான் சொல்லவில்லை. மாமனார் அல்லவா.

அடுத்த வழக்கு பப்ஜி. பேரனும் அவன் பெரியம்மா மகனும் திண்ணையில் சண்டை பிடித்துக்கொண்டார்கள். செவுத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தவன், தலையை வெளியே நீட்டாமலேயே எதிரில் வந்தவனைப் பார்த்துச் சுட்டுவிட்டான். அது அழுகுணி ஆட்டமா இல்லையா என்பது தகராறு. மாமனார் இரண்டு போன்களையும் வாங்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: “ஆளு செவுத்துக்குப் பொறத்தால நிக்கறான், ஆனாக் கண்ணு அவனுக்கும் பொறத்தால, ஒசரத்துல நிக்குது.” மூன்றாம் நபர்க் கோணத்தின் சூட்சுமமே அதுதான், கேமரா முதுகுக்குப் பின்னால் மிதப்பதால், உடம்பை மறைத்துக்கொண்டே சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்கலாம். முதல் நபர்க் கோணத்தில் கண் இருக்கும் இடத்திலேயே தலையும் இருப்பதால், பார்க்க வேண்டுமென்றால் தலையைக் கொடுத்தாக வேண்டும். யோக்கியமான ஆட்டம் அதுதான் என்று சொல்லி அதையே விளையாடியும் பார்த்தவர், சற்று நேரத்தில் தலை கிறுகிறுக்கிறது என்று கட்டிலில் படுத்துவிட்டார். ஓடுகிறோம் என்று கண் சொல்ல, உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்லும்போது சிலருக்கு அப்படித்தான் ஆகும். என் மனைவி எலுமிச்சம்பழச் சாற்றோடு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

எழுந்தவருக்குப் பேரன் 2014இல் வந்த மான்யுமென்ட் வேலியைக் கொடுத்தான். அதில் வெவ்வேறு உயரத்தில் உள்ள இரண்டு பாதைகள், கட்டடத்தைத் திருப்பியதும் படத்தில் ஒன்றையொன்று தொட, இளவரசி பாட்டுக்கு நடந்து போய்விடுகிறாள். ஐசோமெட்ரிக்கில் தூரத்தால் அளவு மாறாது என்பதால், எது முன்னே எது பின்னே என்று கண்ணுக்குப் பிடிபடாது; தனியாக ஐசோமெட்ரிக் படத்தை மட்டும் ஒர்க்ஷாப்புக்கு அனுப்பாதே, மூன்று வியூவும் போடு என்று அவர் ஜூனியர்களைத் திட்டித் தீர்த்தது இதற்காகத்தான். இங்கே அந்தக் குளறுபடியையே ஆட்டமாக்கி விற்றிருக்கிறார்கள்.

அவர் கோபப்படவில்லை. ஏ-4 தாள் கேட்டு வாங்கி, அந்தக் கோபுரத்துக்குப் பிளானும் எலிவேஷனும் வரைய உட்கார்ந்தார். ராகி களி ஆறிப்போனது. கூப்பிட்ட குரலுக்கு பதிலில்லை. எப்படி வரைந்தாலும் ஒரு தூண் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் தாளின் வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு, “தயாரிக்க இயலாது, திருத்தி அனுப்பவும்” என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட்டு, கம்பெனிக்காரனுக்கு அனுப்பிவிடச் சொல்லி என் கையில் கொடுத்தார்.