முட்டு வருத்தத்தோடு பொலிஸ் தேர்வுக்குப் போன கதை

பொலிஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்கு நான் இரண்டு தரம் போனேன். முதல் தரம் விண்ணப்பத்தில் நீண்டகால நோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா. விசுவமடுவில் மாசி மாதம் சூடடிப்புத் தூசி எழும்பினால் இரவில் குந்தியிருந்துதான் விடியும். எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன்.

ஓட்டத்தை எப்படியோ முடித்தேன். பிழைத்தேன் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் போகவில்லை, நெஞ்சு இறுகத் தொடங்கியது. நெஞ்சளவு எடுக்கிறவர் மூச்சை இழுத்துப் பிடி என்றார், என்னால் இழுக்க முடியவில்லை. முட்டு வந்தால் வாயால் இழுக்கிற நீலப் பம்போ கேற்றுக்கு வெளியே கூட்டாளியின் பையில். பிறகுதான் கிளினிக்கில் டொக்டர் விளக்கினார்: ஓடும்போது வாயால் இழுக்கிற வரண்ட காற்று மூச்சுக்குழாயை உலர்த்துகிறது, அதனால் குழாய் சுருங்குகிறது. அனேகமாக ஓடி முடித்துச் சில நிமிடத்தில்தான் அது கூடுதலாகத் தெரியும். இதை முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லது!

டொக்டர் என்னைத் திட்டவும் செய்தார்; அதற்குக் காரணம் வேறு. நான் நீலப் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டியிருந்தேன். அது சுருங்கிய குழாயை அந்த நேரத்துக்கு விரிக்குமே தவிர, உள்ளே இருக்கிற அழற்சியைத் தொடாது. அதற்கு ஸ்டீரொயிட் பம்ப் வேண்டும். சுகமாக இருக்கிற நாளிலும் எடுக்க வேண்டும், எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். பெரியவர்கள் நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டலே சொல்கிறது. பிரித்தானிய ஓட்ட வீராங்கனை பவுலா ராட்க்ளிஃபுக்கும் ஆஸ்துமாதான்; 2003இல் லண்டன் மரதனை 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் ஓடினவர். அதைக் கேட்டபிறகு எனக்கு நம்பிக்கை வந்தது.

பயிற்சிக்கு ஆறு மாதம் எடுத்தேன். கிரவல் ரோட்டில் டிப்பர் ஓடத் தொடங்குமுன் விடியக்காலையில் ஓடுவேன். வைக்கோல் எரிக்கிற நாட்களிலும் கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற நாட்களிலும் ஓடுவதில்லை. டொக்டர் சொன்னபடி கால்மணி நேரத்துக்கு முன் நீலப் பம்ப், பிறகு மெதுநடை, இடைக்கிடை சின்னச் சின்ன வேக ஓட்டம். உடம்பை இப்படிச் சூடாக்கிவிட்டு ஓடினால் முட்டு நன்றாகக் குறைகிறது. இதில் அவசரப்படாதீர்கள்.

இரண்டாம் தரம் 'ஆம்' என்று எழுதினேன். கிளினிக் கொப்பி, கடைசியாக வாட்டில் நின்ற துண்டு, மூச்சு ஊதும் பரிசோதனை அறிக்கை எல்லாம் கொண்டுபோனேன். அந்தப் பரிசோதனையில் மருந்துக்கு முன்னும் பின்னும் ஊத வைப்பார்கள். முதல் செக்கனில் வெளிவரும் காற்று 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் குழாய் மருந்துக்கு விரிகிறது என்று அர்த்தம். ஓட்டத்தில் தேறினேன். மருத்துவத்தில் எடுக்கவில்லை.

அன்று அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் தேர்வில் பார்த்த மருத்துவர் சொன்ன காரணம் நியாயமானது: புகையிலும் தூசியிலும் நிற்கிற வேலை, பம்ப் கைக்கெட்டாத இடத்தில் முட்டு இழுத்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. அமெரிக்க இராணுவத்திலும் 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்தால் தகுதியில்லை என்பதுதான் பொது விதி; விலக்குக் கேட்கலாம்.

ஒவ்வாமைக்காரருக்கும் ஒன்று. தூசிக்குத் தும்முவது வேறு, குளவி கொட்டியோ இறால் சாப்பிட்டோ தொண்டை அடைத்து மயங்குவது வேறு. இரண்டாவது வந்திருந்தால் ஒருபோதும் மறைக்காதீர்கள். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குப் போவதென்றால் ஒவ்வாமைக் குளிசையை எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று கிளினிக்கில் கேளுங்கள்.

இந்த வருடம் தங்கச்சி விண்ணப்பிக்கப் போகிறாள். அவளுக்கும் முட்டு இருக்கிறது. படிவம் வாங்குமுன் ஊதும் பரிசோதனைக்குத் திகதி எடுத்துவிட்டோம். பம்ப் வைக்கச் சட்டைக்குச் சிப் வைத்த பொக்கற்றும் அம்மா தைத்துவிட்டார்.