பஃபர் நிரம்பும் முன்பே நிறுத்தச் சொல்ல வேண்டும்

பிட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பும் சீரியல் இணைப்பின் இரு முனைகளிலும் ஒரே பாட் வேகத்தை (பிட்டுகள் செல்லும் வேகத்தை) அமைத்துவிட்டால் தரவு பத்திரமாகப் போய்ச் சேரும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வேகம் ஒத்திருந்தால் பிட்டுகளைப் பிழையின்றிப் படிக்கலாம், அவ்வளவுதான். படித்ததை எடுத்துக் கையாள நிரலுக்கு நேரம் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. அர்டுயினோ உனோ ஆர்3 என்னும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் பெறும் பஃபர், அதாவது வந்த தரவை நிரல் எடுக்கும்வரை தேக்கிவைக்கும் நினைவிடம், 64 பைட். விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் சேர்த்து ஒரு பைட்டுக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால், அது ஏறத்தாழ ஐந்தரை மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். அந்த நேரத்தில் நிரல் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்தால், அடுத்து வருபவை எந்தப் பிழைச் செய்தியும் இன்றித் தொலைந்துபோகும்.

இதைத் தடுப்பதே பாய்வுக் கட்டுப்பாடு. ஆர்எஸ்-232 என்னும் சீரியல் தரத்தில் ஆர்டிஎஸ் ('அனுப்பலாம்' என்று சொல்லும் வெளியீடு), சிடிஎஸ் (அதைக் கேட்கும் உள்ளீடு) என்னும் இரு கம்பிகள் இதைச் செய்கின்றன: ஒரு முனையின் ஆர்டிஎஸ் மறுமுனையின் சிடிஎஸ்ஸுக்குச் செல்லும், பெறுபவர் தன் ஆர்டிஎஸ் சைகையை விலக்கிக்கொண்டால் அனுப்புபவர் நிற்பார். கூடுதல் கம்பி இல்லாதபோது நிறுத்தச் சொல்லும் எக்ஸ்ஆஃப் (ஆஸ்கி மதிப்பு 19), தொடரச் சொல்லும் எக்ஸ்ஆன் (17) என்ற இரு குறியெழுத்துகளைத் தரவுக் கம்பியிலேயே அனுப்பலாம். டெலிடைப் எந்திரங்களின் காகித நாடாப் படிப்பானை நிறுத்தவும் ஓட்டவும் பயன்பட்டவை இவை. லினக்ஸ் டெர்மினலில் எக்ஸ்ஆஃபை அனுப்பும் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைவதும் இதனால்தான். உரைக்கு இம்முறை பொருந்தும். படக்கோப்பு போன்ற பைனரி தரவில் 19 என்ற மதிப்பு இயல்பாகவே வரும் என்பதால், அங்கே இதை நம்பக் கூடாது.

எம்முறையானாலும், 'நிறுத்து' என்றவுடன் அனுப்புபவர் நின்றுவிடுவதில்லை. சீரியல் தரவை அனுப்பிப் பெறும் 16550 வகைச் சில்லில் 16 பைட் அனுப்பும் வரிசை உண்டு. அதில் ஏற்கெனவே ஏறியவை வந்தே தீரக்கூடும். எனவே 64 பைட் பஃபரில் நாற்பதைத் தொடும்போதே நிறுத்தச் சொல்வது நல்லது.

சீரியல் இணைப்பைக் கணினியின் யூஎஸ்பியோடு சேர்க்கும் மாற்றிகளில் சிக்கல் இன்னும் கூடும். எஃப்டிடிஐ நிறுவனத்தின் மாற்றிச் சில்லுகளில் பெற்ற தரவு கணினிக்குப் போகும் முன் இயல்பாக 16 மில்லிவிநாடி வரை காத்திருக்கும். எக்ஸ்ஆஃபைக் கணினியிலுள்ள நிரல்தான் கவனிக்க வேண்டுமென்றால், அதற்குள் மேற்சொன்ன வேகத்தில் 180க்கும் மேற்பட்ட பைட்டுகள் வந்துவிடும். சிடிஎஸ்ஸையோ சில்லே கவனித்துக்கொள்கிறது. உனோவில் வன்பொருள் ஆர்டிஎஸ் கிடையாது. ஆயினும் ஒரு சாதாரண டிஜிட்டல் பின்னைத் தனி யூஎஸ்பி மாற்றியின் சிடிஎஸ்ஸோடு இணைத்து, பஃபர் நாற்பதைத் தாண்டும்போதும், எஸ்டி கார்டில் எழுதத் தொடங்கும் முன்பும் நிரலிலிருந்தே அதை உயர்த்தினால் போதும். டிடிஎல் நிலையில் (உனோ பின்களின் 0, 5 வோல்ட் சைகைகளில்) தாழ்ந்த மின்னழுத்தமே அனுமதி என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.