ஆரபி நடை, தேவகாந்தாரி நடை

ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு கர்நாடக ராகங்களுக்கும் ஆரோகண அவரோகணம், அதாவது ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசை, ஒன்றுதான். ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஏழு ஸ்வரமும். இரண்டும் 29ஆம் மேளமான, அதாவது தாய் ராகமான, தீரசங்கராபரணத்தில் பிறந்த ஜன்யம். ஆனாலும் கொஞ்சம் கேட்டுப் பழகியவர் இவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டார். ஆரபியில் விறுவிறுப்பு. காந்தாரத்தையும் (க) நிஷாதத்தையும் (நி) தொட்டும் தொடாமலும் கடந்துவிடும். தேவகாந்தாரி நின்று நிதானமாக, நீட்டி அசைத்து வரும். சரக்கு அதேதான். எங்கே நிற்கிறோம், எதை நீட்டுகிறோம் என்பதில்தான் ஆளே மாறிப்போகிறது.

உரைநடையிலும் இது நடக்கும்.

"பஸ் வந்தது. ஏறினாள். இடமில்லை. நின்றாள்."

"பஸ் வந்ததும் ஏறி, உட்கார இடமில்லாமல், கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனாள்."

முதலாவது ஆரபி, இரண்டாவது தேவகாந்தாரி. தகவலில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் முதலாவதில் அவளுக்கு அவசரம் இருக்கிறது, இரண்டாவதில் அலுப்பு. எழுதுகிறவருக்குச் சங்கீதம் தரக்கூடிய பாடம் இந்தக் காலக்கணக்குதான். சங்கீதம் கேட்டால் 'மனம் ஒருமுகப்படும்', 'கற்பனை ஊறும்' என்பதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மொசார்ட் கேட்டால் மூளை கூர்மையாகும் என்ற பேச்சுக்கு மூலம், 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் ஒரு சொனாட்டாவைக் கேட்டார்கள். காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்று ஊகிப்பது போன்ற சோதனையில் கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள், அவ்வளவுதான். எழுத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

பயிற்சிக்கு ஆதி தாளத்தில், உங்களுக்கு அர்த்தம் புரிகிற மொழியில் உள்ள ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு அந்த ஒன்று போதும். முதல் முறை கேட்கும்போது தாளம் மட்டும் போடுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு தடவை. மொத்தம் எட்டு. பல்லவியின் முதல் சொல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். முதல் தட்டோடு சேர்ந்து, அதாவது சமத்திலா, அரை இடம் தள்ளியா, ஒன்றரை இடம் தள்ளியா? இதற்குத்தான் எடுப்பு என்று பெயர். தள்ளி எடுக்கும் பாட்டில், சொல் வருவதற்கு முன்னால் இருக்கும் அந்த வெற்றிடமே காதை இழுத்துவைக்கும்.

இப்போது நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைப் பாருங்கள். எல்லா வாக்கியமும் "அவர்", "அது", "இந்த" என்றே ஆரம்பித்தால், எல்லாவற்றையும் சமத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நாலைந்துக்கு ஒன்றிலாவது எழுவாயைத் தள்ளிப்போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் முறை, சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பாடகர் மூச்சு விடும் இடங்களில் எல்லாம் கோடு போடுங்கள். நல்ல பாடகர் சொல்லை நடுவில் பிளந்து மூச்சு வாங்க மாட்டார். எங்காவது பிளந்திருந்தால் அர்த்தம் கோணலாவதை உடனே உணர்வீர்கள். அதே பென்சிலோடு உங்கள் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ இல்லையென்றால், அந்த வாக்கியத்தில் ஒரு வினையெச்சம் அதிகம். 'வந்து, பார்த்து, கேட்டு, யோசித்து' என்று நான்கு எச்சங்களுக்கு மேல் அடுக்கினால் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் தள்ளாடத் தொடங்கிவிடும்.

மாத்திரை என்ற சொல் இசைக்கும் இலக்கணத்துக்கும் பொது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. தமிழ் உரைநடையின் பெரிய தொல்லை வாக்கிய முடிவுதான். வினை கடைசியில் வருவதால் "இருந்தது", "வந்தது", "கிடைத்தது" என்று ஒரே குறில் ஒலியில் தட்டிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தில் கடைசிச் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். தொடர்ந்து மூன்று "-தது" வந்துவிட்டால் நான்காவதை மாற்றுங்கள்: நிகழ்காலத்துக்கு வரலாம், "இல்லை" என்று முடிக்கலாம், பெயர்ச்சொல்லிலேயே நிறுத்தலாம். நெடில் வரும் முடிவுக்குக் கொஞ்சம் கார்வை, அதாவது நீண்டு நிற்கும் ஒலி, உண்டு. 'போனது' சட்டென்று அறுந்துவிடும், 'போனாள்' சற்று நேரம் காதில் நிற்கும்.

நிரவல்தான் இருப்பதிலேயே பயனுள்ள பாடம் என்பேன். பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு விதமாகப் பாடுவது; ஒரே வரி, பத்து நிமிடம். சொல் தாளத்தில் தன் இடத்தை விட்டு அதிகம் நகராது, அதைச் சுற்றியுள்ள சங்கீதம் மாறும். எந்த வரியிலும் நிரவல் செய்ய முடியாது. தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும், நீட்ட நெடில் வேண்டும். உரைநடையில் சங்கீதம் என்று தனியாக இல்லாததால், சொல் வரிசைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். சாதாரணமான ஒரு வாக்கியம்:

"மழை நின்ற பிறகு அப்பா வீட்டுக்கு வந்தார்."

"அப்பா வீட்டுக்கு வந்ததே மழை நின்ற பிறகுதான்."

"மழை நின்ற பிறகு வீட்டுக்கு வந்தது அப்பா."

"மழை நின்றது. அப்பா வந்தார்."

இரண்டாவதில் புகார் இருக்கிறது. மூன்றாவதில் வேறு யாரையோ எதிர்பார்த்திருந்தார்கள். நான்காவதில் மழையும் அப்பாவும் சமமாகிவிட்டார்கள். கட்டுரையின் முக்கியமான வாக்கியத்தை மட்டும் இப்படி எட்டுத் தடவை எழுதிப் பாருங்கள். முதல் மூன்று சுலபமாக வரும். ஐந்தாவதுக்கு மேல்தான் உண்மையில் என்ன சொல்ல வந்தோம் என்பது பிடிபடும். எல்லா வாக்கியத்துக்கும் செய்தால் எழுத்து நகரவே நகராது, எச்சரிக்கை.

சங்கதி என்பது ஒரு வரியைப் படிப்படியாக மாற்றிப் பாடும் வடிவம். அதற்கு ஒரு வரி விளக்கம் போதும்: முந்தையதில் இருந்ததை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றைக் கூட்டுவது. விளக்கக் கட்டுரை எழுதுகிறவர்கள் முதல் சங்கதியிலிருந்து நேராக ஐந்தாவதுக்குத் தாவிவிடுகிறார்கள்.

முடிப்பதற்கு மிருதங்கம் கேளுங்கள். பெரிய கணக்கெல்லாம் வேண்டாம், எளிய தீர்மானம் (மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டு) ஒன்று. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் (ஒரு சுற்று), எட்டில் ஒவ்வொன்றையும் நான்காகப் பிரிக்கும் சதுச்ர நடையில் 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' என்ற மிருதங்கச் சொல் ஐந்து மாத்திரை. அதை இரண்டு தடவை சொன்னால் பத்து. ஒரு மாத்திரை இடைவெளி விட்டு மூன்று முறை: பத்து, ஒன்று, பத்து, ஒன்று, பத்து. சரியாக 32. அடுத்த அடி சமத்தில் விழும். இடைவெளியில் ஒரு மாத்திரை பிசகினாலும் சமம் கிடைக்காது. சேரும் இடத்தை முதலில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கழித்து எண்ணினால்தான், தொடங்கும் இடம் தெரியும். கட்டுரைக்கும் கடைசித் தகவல் எது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கு முந்தைய இரண்டு பத்திகளைப் பின்னோக்கி அமையுங்கள். சமத்தில் சேர்ந்த பிறகும் 'ஆகவே', 'மொத்தத்தில்' என்று வாசித்துக்கொண்டிருப்பவர்களை என்ன சொல்ல!

இவ்வளவும் எழுதாத நேரத்துக்கு. எழுதும்போது பாட்டுப் போட்டால், அதன் சொற்கள் உங்கள் சொற்களோடு மோதும். வாத்தியம் என்றாலும் தெரிந்த கீர்த்தனை என்றால் சாகித்தியம் மனசுக்குள் ஓடும், வயலின் தப்பிக்க விடாது. கட்டாயம் ஏதாவது வேண்டுமென்றால் வீணையில் தானம், அதாவது பாட்டில்லாத ராக வாசிப்பு. தாளக்கட்டு கிடையாது, ஆனால் உள்ளே ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப ஓடும்படி வைக்காதீர்கள். தானம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, அதுவரை எழுதியதைத் தாளம் போட்டு ஒரு தடவை படியுங்கள்.