ஒகாரா கேள்விக்கு மார்க் வேண்டுமா? 'தி வாய்ஸ்' நாவலை வாய்விட்டுப் படியுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. காமன்வெல்த் இலக்கியத் தாளில் நினைத்ததைவிட நல்ல மார்க். ஜூனியர்கள் கேட்டதால் நைஜீரியக் கவிஞரும் நாவலாசிரியருமான கேப்ரியல் ஒகாராவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்ற நைஜீரிய எழுத்தாளர்களான அச்செபேவுக்கும் சொயிங்காவுக்கும் எல்லோரிடமும் நோட்ஸ் இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பிலேயே 'ஒன்ஸ் அபான் எ டைம்' கவிதையைப் படித்துவிடுவதால் ஒகாரா தெரிந்த ஆள் என்று ஒரு தைரியம். ஆனால் மார்க் இருப்பது 1964இல் வந்த அவருடைய 'தி வாய்ஸ்' நாவலில். கைடில் இருப்பது கதைச்சுருக்கம்தான்: ஒகோலோ 'அது' என்ற ஒன்றைத் தேடுகிறான், ஊர்த்தலைவன் இசோங்கோ துரத்துகிறான், கடைசியில் ஒகோலோவையும் சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கிய துவேரேயையும் கட்டிப் படகில் ஆற்றோடு விடுகிறார்கள். இதை மட்டும் எழுதினால் பாஸ் ஆகலாம், அவ்வளவுதான்.

நாவலைச் சத்தமாகப் படியுங்கள். பொழுது சாயும்போது ஒகோலோ ஜன்னலருகே நிற்கும் இடத்தில், 'நின்றான்' என்ற வினை ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும். ஒகாராவின் தாய்மொழியான இஜோவிலும் தமிழைப் போல வினை கடைசியில்தான். அந்த வரிசையையே ஒகாரா ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஒகோலோவுக்கு மார்பு இல்லை, நிழல் இல்லை என்று ஊர் பேசுவதும் அந்த மண்ணின் பேச்சே. ஆங்கில இலக்கணத்தோடு போனால் அடிக்கடி தடுக்கும்; தமிழ்க் காதோடு கேட்டால் ஓடும். ஏன் இப்படி எழுதினார் என்று 1963இல் 'டிரான்சிஷன்' இதழில் அவரே விளக்கியிருக்கிறார். அதை அவசியம் மேற்கோள் காட்டுங்கள்.

அப்புறம் 'பியானோ அண்ட் டிரம்ஸ்'. ஊர் வாழ்க்கையின் ஆற்றங்கரை முரசும் மேற்கத்திய வாழ்க்கையின் பியானோவும் ஒருசேர ஒலிக்க, கவிதை மூடுபனியில் வழி தெரியாமல் முடிகிறது. நாவலில் அவர் ஆங்கிலத்தையே முரசின் தாளத்துக்கு நடக்க வைக்கிறார். என் விடைத்தாளின் முக்கியப் பத்தி இதுதான்.

ஆண்டுகள்:
- 1921: நைஜர் டெல்டாவில் பிறப்பு
- 1953: 'தி கால் ஆஃப் தி ரிவர் நன்' கவிதைக்குப் பரிசு
- 1967–70: பியாஃப்ரா போர் (நைஜீரிய உள்நாட்டுப் போர்)
- 1979: காமன்வெல்த் கவிதைப் பரிசு, முந்தைய ஆண்டு வந்த 'தி ஃபிஷர்மேன்ஸ் இன்வொகேஷன்' தொகுப்புக்கு
- 2019: மறைவு

போரில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல அழிந்தன. அதைப் படித்த அன்று எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. எழுதியதில் எவ்வளவு போயிற்றோ, மிஞ்சியதையாவது நாம் முழுசாகப் படிக்க வேண்டாமா?

குரூப் ஸ்டடி இதற்குச் சரிவராது, தனியாக உட்காருங்கள். நேரமே இல்லையென்றால் நாவலின் முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், பியானோ கவிதை. மூன்றையும் மூலத்திலேயே.