ஞானப்பூ அம்மாளைத் தேடி வடக்கன்குளம்

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வடக்கன்குளம் போய் வந்தேன். நாங்குநேரிப் பக்கம்தான் எங்கள் ஊர், வள்ளியூரில் இறங்கி ஒரு பஸ் மாறினால் போய்விடலாம், ஆனாலும் மூன்று வருஷமாக என்னால் போக முடியவில்லை. வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கவில்லை என்றால் முதுகு புண்ணாகிவிடும். அன்றைக்கு மகள் வந்திருந்தாள். "நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வாம்மா" என்றாள். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன்.

வடக்கன்குளம் என்றதும் எல்லாருக்கும் தேவசகாயம்பிள்ளைதான் நினைவுக்கு வருவார். 2022 மே 15-ல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் பக்கமெல்லாம் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். நான் போனது அவர் மனைவிக்காக. பார்கவி என்கிற ஞானப்பூ அம்மாள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டப் பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த சமயத்தில், குளச்சல் போரில் பிடிபட்டு அப்புறம் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையை அவருக்குச் சொல்லியிருக்கிறார். சமஸ்தானத்துக்குள் ஞானஸ்நானம் வாங்க முடியாது, அதனால் எல்லை தாண்டி 1745-ல் வடக்கன்குளத்துக்கு வந்து, பங்குச்சாமியாராக இருந்த புத்தாரியிடம் வாங்கினார். தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள். நாலு வருஷத்தில் கைது. எருமை மேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவும் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும். அந்த அம்மாளைப் பற்றித்தான் நான் யோசித்ததே இல்லை. அவரும் இதே வடக்கன்குளத்தில்தான் ஞானஸ்நானம் வாங்கினார். கணவர் போன பிறகு பிறந்த ஊருக்கும் திரும்பவில்லை, சொந்தக்காரர்களிடமும் போகவில்லை. மொழியும் பழக்கமும் வேறாக இருந்த இந்த ஊரிலேயே இன்னும் பதினாலு வருஷம் இருந்து 1766-ல் இறந்தார் என்று சொல்கிறார்கள். வேதசாட்சி ஒரு நாளில் உயிரைக் கொடுத்துவிடுகிறார். பதினாலு வருஷம் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து அடுப்பு பற்ற வைத்தவரை என்னவென்று சொல்வது? மூன்று வருஷம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது.

கல்லறைக்கு வழி கேட்டேன். பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி கூடவே வந்து காட்டினார். மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன், காற்று அணைத்துவிட்டது, திரும்பக் கொளுத்தினேன். பிறகு கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஆரம்பித்தேன். "உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல" என்ற இடம் வந்ததும் வழக்கம் போல நின்றுபோனேன். வீட்டுக்காரர் விழுந்த நாளிலிருந்தே அந்த வரி எனக்குத் தொண்டையில் சிக்கும், கோயிலில் எல்லாரும் சொல்லும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். அவர் எழுந்து நடக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அன்றைக்கு அந்த அம்மாளிடம் வாய்விட்டே கேட்டேன்: "நீங்க எப்படிம்மா சொன்னீங்க?" பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் பதினாலு வருஷத்துக்கான பலத்தை அவருக்கு ஒரே நாளில் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்குத்தான் வாங்கியிருப்பார். சரி, இன்றைக்கு மட்டும் சொல்கிறேன் ஆண்டவரே, நாளைக்கு உள்ளதை நாளைக்குச் சொல்கிறேன் என்று அந்த வரியைச் சொல்லி முடித்தேன். அழுதேன். ஆச்சி பக்கத்தில் நின்று ஒன்றும் கேட்காமல் தோளில் கை வைத்தார்.

அன்றாட உணவைக் கேட்கும் வரியைத் தாண்டியதும் திரும்பவும் நின்றேன். "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல". என் கொழுந்தனார் முகம் வந்தது. அதைச் சொல்லாமலே எழுந்து திருக்குடும்பக் கோயிலுக்குப் போனேன்.

அந்தக் கோயிலின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். யார் எங்கே உட்காருவது என்று சாதிச் சண்டை ஓயாமல் நடந்ததால், ஆளுக்கொரு பக்கமாக இரண்டு நீண்ட மண்டபங்கள் வந்து பீடத்தில் சேருகிற மாதிரி இதைக் கட்டி 1872-ல் முடித்தார்கள். நடுவில் சுவர். பூசை ஒன்று, சாமியார் ஒருவர், ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து ஆட்களைப் பார்க்க முடியாது. எல்லாச் சாதிக்காரரோடும் சரிசமமாகப் பழகிய தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கிய அதே ஊரில்! சண்டை வேண்டாம், சமாதானமாக இருக்கட்டும் என்றுதான் அந்தச் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருஷம் நின்றது. 1910-ல் கௌசானல் சாமியார் அதை இடித்துப் போட்டார். உடனே எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, வழக்கு போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. ஆனால் சுவர் திரும்ப எழவில்லை.

உள்ளே உட்கார்ந்து பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் ஒரு சுவர் இருக்கிறது. வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த பிறகு வைத்தியச் செலவுக்குப் பாகம் பிரிக்கச் சொல்லி நான்தான் முதலில் கேட்டேன். வாய்ச்சண்டை வந்தது. "சண்டை வேண்டாம் மதினி, சுவர் எழுப்பிக்கிடுவோம்" என்று கொழுந்தனார் புறவாசலில் குறுக்கே ஒரு சுவரை எழுப்பிவிட்டார், கிணறு அவர் பக்கம் போய்விட்டது. நான் கோர்ட்டுக்குப் போனேன். வாய்தா மேல் வாய்தா. என் பக்கம் நியாயம் இருக்கிறது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த மனுஷன் சொந்த அண்ணனைப் பார்க்க மூன்று வருஷமாக வரவில்லை என்று ஊரெல்லாம் சொன்ன நான், அவர் வந்தால் வாசலில் நிறுத்தியிருப்பேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சத்தம் வராமல் இருக்க எழுப்பின சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு அதைச் சமாதானம் என்று நினைத்திருந்தோம். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று சொன்னது அமைதி ஏற்படுத்துகிறவர்களை. அதற்கு யாராவது ஒருத்தர் எழுந்து நடக்க வேண்டும்.

காற்றாடிமலைக்கும் போய்வர நினைத்திருந்தேன், தேவசகாயம் உயிர் போனபோது விழுந்ததாகச் சொல்கிற மணியடிச்சான் பாறையை ஒருதரம் தட்டிப் பார்க்க ஆசை. நேரம் இல்லை. வீட்டுக்காரர் மத்தியானக் கஞ்சியை மகள் கையால் குடிக்க மாட்டார்.

ஊருக்கு வந்ததும், வீட்டுக்குள் போனால் மனசு மாறிவிடும் என்று பயந்து, நேரே தெரு வழியாக அடுத்த வாசலுக்குப் போனேன். கொழுந்தனார் தார்சாவில் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எழுந்துவிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை, வாங்கி வந்த தேவசகாயம் படத்தை நீட்டினேன். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பி போடப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், "அண்ணன் எப்படி மதினி இருக்கான்?" புண்ணைப் பற்றிச் சொன்னேன். ராத்திரி திருப்பிப் போட என்னால் முடியவில்லை, இடுப்பு விட்டுப்போகிறது என்றும் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதே கிடையாது.

வழக்கு இன்னும் முடியவில்லை. பேசித் தீர்க்கலாம் என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாய்தா ஆகட்டும் பார்க்கலாம் என்கிறார். சில நாள் பழைய கோபம் வருகிறது, அந்த ஜெபத்தில் இரண்டு இடத்திலும் இன்னும் தடுமாறுகிறேன். ராத்திரி பத்து மணிக்குக் கொழுந்தனார் வருகிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம், அவர் விளங்குகிற கையால் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார். சுவர் இருப்பதால் தெருவைச் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு வருகிறார்.