கச்சான் வருவதற்குள் ஒரு எக்ஸ்ட்ரா

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

ரிமோட்டில் பறக்கவிடும் பெட்ரோல் மாடல் விமானம் ஒன்று வாங்கப் போகிறேன். எஞ்சின் அளவு முடிவாகிவிட்டது: 50 சிசி. கேட்டவர்களில் பாதிப் பேர் "முதல் பெட்ரோல் விமானத்துக்கு 35 போதுமே" என்றார்கள். அது இரண்டு மீட்டர் இறக்கை, ஐந்தாறு கிலோ எடை. காற்றில்லாத ஊரில் தாராளமாகப் போதும். இங்கே ஏர்வாடிப் பக்கம் காலை ஒன்பது, பத்துக்குள் கடல்காற்று ஏறிவிடும். மே மாதம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் கடல்காற்றெல்லாம் அதற்கு முன் ஒன்றுமில்லை. எடை கூடினால் காற்று தட்டும்போது விமானம் அவ்வளவு சீக்கிரம் அலையாது.

அப்படியென்றால் 100 சிசி எடுக்கலாமே? இறக்கை 2.6 மீட்டர், உடலும் ஏறக்குறைய அதே நீளம், எடை 11, 12 கிலோ. டேப்பை எடுத்துக்கொண்டு போய் என் ஆம்னி வேனை அளந்தேன். பின் சீட்டைக் கழற்றி முன் சீட்டைச் சாய்த்தாலும் இரண்டு மீட்டர் சொச்சம்தான். மேலே கட்டிக்கொண்டு போக இது வாழைத்தார் இல்லை. ஆக, முக்கால்வாசி முடிவை எடுத்தது ஆம்னிதான்.

பிப்ரவரி 9

இன்று மாடல் சண்டை, எந்த அசல் சாகச விமானத்தின் நகலை வாங்குவது என்று. யாக் 54, சுகோய் 26 இரண்டுக்கும் உருண்டை மூக்கு. அசல் விமானத்தில் வட்ட வடிவ ரேடியல் எஞ்சின் இருப்பதால் அப்படி. நம் ஒற்றை சிலிண்டர் உள்ளே வசதியாக உட்காரும், காற்றும் நன்றாகப் போகும். எட்ஜ் 540 பந்தய விமானம், பார்க்க அழகு. ஆனாலும் என் மனம் எக்ஸ்ட்ரா 300-இல்தான் நிற்கிறது. ஜெர்மனியின் வால்டர் எக்ஸ்ட்ரா வடிவமைத்தது, முதலில் பறந்தது 1988-இல். சுத்தமாக உருளவும் வேண்டும், மெதுவாக மூக்கைத் தூக்கிக்கொண்டு தவழவும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே நிற்பது இதுதான். மூக்குதான் குறுகல். இந்த வெயிலில் எஞ்சினைக் குளிரவைக்கத் தனியாக வேலை பார்க்க வேண்டும்.

பெங்களூருவில் ஒருவர் எக்ஸ்ட்ரா மாடல் பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்ததோடு வைத்திருந்தார். பேசி முடித்தாயிற்று. வீட்டில் விலை சொல்லவில்லை.

மார்ச் 2

லாரி பார்சலில் பெட்டி வந்தது. ராமநாதபுரத்தில் போய் எடுத்து வந்தேன். ஏஆர்எஃப் என்பதால் பால்சா என்ற லேசான மரக் கட்டைகளை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் போர்த்தித்தான் வரும். "ஏறக்குறையத் தயார்" என்று பெயர். ஆனால் அந்த ஏறக்குறையவில் இரண்டு மாத வேலை ஒளிந்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்றில் பெட்டியைத் திறந்த மறுநாளே ஃபிலிம் சுருக்கம் விழுந்து தொங்குகிறது. அயர்னை மிதமான சூட்டில் வைத்து முதலில் ஓரங்களை ஒட்டி, அப்புறம்தான் நடுவில் ஹீட் கன் காட்டினேன். உள்ளே டார்ச் அடித்து ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் பார்த்தேன். சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் ஒரு சொட்டு மெல்லிய பசை. எஞ்சினைத் தாங்கும் முன்பலகைக்கு மட்டும் எபாக்சி பூசினேன். பெட்ரோல் ஊறினால் பலகை போச்சு.

மார்ச் 9

சர்வோ நாள். ரிமோட் சொல்கிறபடி இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்தான் சர்வோ. இந்த மாதிரி விமானத்தில் காசு போவது உடலில் இல்லை, இதில்தான். எய்லரானுக்கு (இறக்கைப் பலகை) இரண்டு, எலிவேட்டருக்கு (வாலின் கிடைப்பலகை) இரண்டு, ரடருக்கு (வாலின் செங்குத்துப் பலகை) ஒன்று. த்ராட்டிலுக்குச் சின்னதாக ஒன்று போதும்.

சர்வோ பெட்டியில் 25 கிலோ என்று போட்டிருப்பது அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில். எய்லரான் 45 டிகிரி மடங்க வேண்டுமென்றால் சர்வோவுக்கு ஒன்றரை அங்குலக் கை தேவை, அதாவது 3.8 செ.மீ. அந்த நுனியில் கிடைப்பது ஆறரை கிலோதான். அதனால்தான் 10 கிலோ சர்வோ போட்டால் என்ன என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடுவேன். ரடர் இதைவிடப் பெரிய பலகை; அதற்கு 40 கிலோ.

எலிவேட்டரின் இரண்டு பாதியும் ஒரே அளவு நகர்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பதிலேயே மதியம் போய்விட்டது. நடுவில் சரியாக இருக்கும், கடைசியில் இரண்டு மில்லிமீட்டர் பிசகும். அப்படியே விட்டால் ஒவ்வொரு லூப்பிலும் விமானம் ஒரு பக்கம் உருளும். கீல் இடுக்குகளை ஒளி ஊடுருவும் டேப்பால் மூடினேன். இடுக்கு வழியே காற்று கசிந்தால் பலகை படபடத்து, ஒரு நொடியில் பிய்ந்துகொண்டு போகும்.

மார்ச் 16

கீழக்கரையிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். வள்ளங்களின் அவுட்போர்டு எஞ்சின் பார்ப்பவர், டூ ஸ்ட்ரோக் அவருக்கு அத்துபடி. கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுவும் நம்ம சாதிதான், கடல்ல போகாது அவ்வளவுதானே?" என்றார். போல்ட் ஒவ்வொன்றிலும், கழலாமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை விட்டு அவரே முடுக்கினார். இக்னிஷன் பெட்டியை, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி வைத்தேன், பேட்டரியும் தனி. ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச்; ஒன்று செத்தாலும் இன்னொன்று வீடு சேர்க்கும்.

மார்ச் 23

எஞ்சினை மூடும் மூக்குக் கூடான கவுலுக்குள் தடுப்பு வைத்தேன். உள்ளே வரும் காற்று சுற்றிக்கொண்டு போகாமல் சிலிண்டர் துடுப்புகளின் நடுவே புகுந்து போக வேண்டும். வெளியேறும் வாய் நுழையும் வாயைவிட இரண்டு மடங்காவது பெரிதாக இருக்க வேண்டும். கவுலின் அடியில் வெட்டியாயிற்று.

ஏப்ரல் 6

பாம்பன் புதுப் பாலம் திறக்கப் பிரதமர் வருகிறார். மாவட்டம் முழுக்க போலீஸ். இன்றைக்குப் பட்டம்கூட விடக்கூடாது. சாதாரண நாளிலும் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருப்பதால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. 2021 ட்ரோன் விதிகள்படி 25 கிலோ வரை மாடல் விமானம், கண்ணுக்கெட்டும் தூரத்தில் மட்டும். எந்த இடமானாலும், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுத்தான் போவது.

வீட்டிலிருந்தே எடைச்சமன் பார்த்தேன். இறக்கைக் குழாயைப் பிடித்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் இறங்கியது, பேட்டரிகளை முன்னே தள்ளினேன். ஈயம் கட்டவில்லை.

ஏப்ரல் 10

முதல் ஓட்டம். வாலை நங்கூரக் கயிறால் பனைமரத்தில் கட்டினோம், அண்ணன் போட்ட முடிச்சு. பெட்ரோலில் 30-க்கு 1 ஆயில். சோக் போட்டு, தடித்த கையுறையோடு புரொப்பெல்லரைச் சுண்டினால் ஒரு வெடிப்பு. சோக்கை எடுத்து இன்னும் சிலமுறை சுண்டியதும் பிடித்துக்கொண்டது. கார்புரேட்டர் ஊசியை அண்ணன் சத்தத்தைக் கேட்டே சரியாக வைத்தார். பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு தெரு தாண்டி ஓடின.

ஏப்ரல் 13

சாயல்குடிக்கு வடக்கே ஒரு பொட்டல். சுற்றிலும் சீமைக்கருவேலம், நடுவில் நீள இறுகிய தரை. ஏழு மணிக்கே ஏற்றினேன். பாதி த்ராட்டிலில் வால் தூக்கி, கொஞ்ச தூரத்திலேயே கிளம்பிவிட்டது. மேலே போய் 45 டிகிரி கோட்டில் ஏறவிட்டுத் தலைகீழாக்கிக் கையை எடுத்தேன். நேரே போனது, மிக லேசாகத் தாழ்ந்தது. அப்படித்தான் வேண்டும். தானாக ஏறியிருந்தால் வால் கனம்.

காற்று ஏறிய பிறகு வேண்டுமென்றே இன்னொரு முறை. எதிர்காற்றில் மூக்கைத் தூக்கினால் விமானம் ஒரே இடத்தில் தொங்குகிறது. கச்சானுக்குப் பயந்துதான் அவசரப்பட்டேன். தவழப் பழக அதுவே தோது போலிருக்கிறது.

ஏப்ரல் 20

15-ஆம் தேதியோடு விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, ஜூன் 14 வரை. அண்ணனுக்கு எஞ்சின் பிரித்துப் பார்க்கும் காலம், இனி அவர் கிடைக்க மாட்டார். சைலன்சர் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது, மாற்றினேன். மிச்சப் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது, ஈரம் பிடித்துக் கார்புரேட்டர் சவ்வைக் கெடுக்கும். கார்புரேட்டர் வாயில் ஒரு சொட்டு ஆயில், சக்கர அச்சிலும் தடவ வேண்டும், துரு ஆரம்பித்துவிட்டது. வாங்க வேண்டியது: 23×8 அங்குலப் புரொப்பெல்லர் உதிரிக்கு ஒன்று.